ஒரு மில்லிமீட்டர் தெளிவு

மாமரக் கிளையில் ஓடும் முசுறு எறும்பை மேக்ரோ லென்ஸில் எடுத்த படம் ஒன்றைப் பாருங்கள். கண் தெளிவாக இருக்கும். தாடையும் அதிலுள்ள பற்களும்கூடத் தெரியும். உணர்கொம்பின் நுனிக்கு வந்தால் கோடு கலையத் தொடங்கியிருக்கும். இடுப்பைத் தாண்டினால் செந்நிற மங்கல் ஒன்றுதான் மிச்சம். இத்தனைக்கும் அந்த எறும்பு தலையிலிருந்து வயிற்று நுனி வரை 10 மில்லிமீட்டரைத் தாண்டாது. கேமராவில் பழுது கிடையாது, எடுத்தவரின் கையும் நடுங்கவில்லை. அவ்வளவு அருகில் போனால் தெளிவு அந்த அளவுக்குத்தான் கிடைக்கும்: ஒரு மில்லிமீட்டர், சில சமயம் அதற்கும் குறைவு.

மேக்ரோ படங்களைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லாம் பெரிதாக்குவதைப் பற்றியே பேசுகிறார்கள். பெரிதாக்குவதைப் பூதக்கண்ணாடியே செய்துவிடும். கஷ்டம் முழுக்க ஆழத்திலும் ஒளியிலும் இருக்கிறது. அந்தக் கஷ்டங்களைக் கேமராக்காரருக்குக் கோடிக்கணக்கான ஆண்டுகள் முன்பே சந்தித்து, தமக்கென்று வழி கண்டுகொண்டவை, அவர் படம் எடுக்கக் குனிகிற அதே பூச்சிகளும் சிலந்திகளும்தான். எனக்கு இந்தக் கலையில் மிகவும் பிடித்த பகுதி அதுவே.

முதலில் கணக்கு. சென்சார்மீது விழும் பிம்பம் பொருளின் அதே அளவில் இருந்தால் அது 1:1. 6 மி.மீ. நீளமுள்ள பொறிவண்டு சென்சாரிலும் 6 மி.மீ. நீளத்துக்கு விழ வேண்டும். ஃபுல் ஃபிரேம் சென்சாரின் அகலம் 36 மி.மீ. என்பதால் ஆறு வண்டுகளை வரிசையாக நிறுத்தினால் படம் நிரம்பிவிடும். மேக்ரோ என்று பெயர் போட்டு விற்கும் நல்ல லென்ஸ்கள் பெரும்பாலும் இந்த எல்லையில் நின்றுகொள்ளும். கேனன் நிறுவனத்தின் எம்பி-ஈ 65 என்ற லென்ஸ் 1:1-இல் தொடங்கி ஐந்து மடங்கு வரை போகும். பதிலுக்கு, தூரத்தில் நிற்கும் எதையும் அதில் ஃபோகஸ் செய்யவே முடியாது.

இனி ஆழம். உங்கள் முன்னால் நிற்கும் ஒருவரின் பிம்பம் சென்சாரில் நூறில் ஒரு பங்காகச் சிறுத்து விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். அவர் ஒரு மீட்டர் முன்னால் நகர்ந்தால் கேமராவுக்குள் பிம்பம் விழும் இடம் எவ்வளவு நகரும்? நூறில் ஒரு பங்கு என்று தோன்றும். ஆனால் ஆழத்தின் திசையில் கணக்கு வர்க்கத்தில் போகிறது: பத்தாயிரத்தில் ஒரு பங்கு, அதாவது 0.1 மி.மீ. அந்தச் சிறு நகர்வைச் சென்சார் பெரிதாகக் கண்டுகொள்வதில்லை. ஆகவேதான் கல்யாண குரூப் போட்டோவில் முன்வரிசைத் தாத்தாவும் பின்வரிசைப் பேரனும் ஒன்றுபோலத் தெளிவாக விழுகிறார்கள். 1:1-க்கு வந்தால் இந்தச் சலுகை மறைந்துபோகிறது. எறும்பு ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தால் பிம்பமும் ஒரு மில்லிமீட்டர் நகர்ந்துவிடும். ஐந்து மடங்கு உருப்பெருக்கத்தில் எறும்பின் ஒரு மில்லிமீட்டர், கேமராவுக்குள் 25 மில்லிமீட்டர். எறும்பு அசைய வேண்டும் என்றுகூட இல்லை. அதன் கண்ணுக்கும் காலுக்கும் இடையே உள்ள தூரமே போதும்.

ஃபுல் ஃபிரேம் கேமராவில் 1:1 அளவில், லென்ஸின் ஒளித் துளையான அப்பெர்ச்சரை எஃப் 8-இல் வைத்தால் தெளிவாக விழும் ஆழம் ஏறத்தாழ 1 மி.மீ. பாதி அளவு உருப்பெருக்கத்தில் அது 3 மி.மீ. அளவுக்கு ஏறும். ஐந்து மடங்கில் 0.1 மி.மீ.க்கு இறங்கிவிடும், சாதாரணத் தாளின் தடிமனும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். அதனால் மேக்ரோ எடுப்பவர்கள் லென்ஸின் ஃபோகஸ் வளையத்தைத் திருப்பிக்கொண்டிருப்பதில்லை. அளவை முன்பே நிர்ணயித்துவிட்டு, உடம்பை மயிரிழை மயிரிழையாக முன்னும் பின்னும் சாய்த்து, கண் தெளிகிற கணத்தில் பட்டனை அழுத்துகிறார்கள். இடது கையால் செடியின் தண்டைப் பிடித்து, அதே கையின்மேல் லென்ஸைத் தாங்கவைத்தால் காற்றுக்குச் செடி ஆடினாலும் கேமராவும் சேர்ந்தே ஆடும். வண்ணத்துப்பூச்சி என்றால் சிறகு மூடியிருக்கும்போது பக்கவாட்டில் நேராகப் போய் நிற்பார்கள். சிறகு முழுவதும் ஒரே தளத்தில் இருப்பதால் அந்த ஒரு மில்லிமீட்டருக்குள் அடங்கிவிடும்.

அப்பெர்ச்சரை இன்னும் சுருக்கினால் ஆழம் கூடுமே என்று கேட்கலாம். கூடும். புதிதாக மேக்ரோ லென்ஸ் வாங்கியவர்கள் எல்லாரும் எஃப் 22, எஃப் 32 என்று போய்ப் பார்ப்பார்கள். எறும்பு முழுவதும் ஃபோகஸுக்குள் வந்திருக்கும்; ஆனால் எந்த இடத்திலும் கூர்மை இருக்காது. சிறிய துளை வழியே போகும் ஒளி விரிந்து பரவுகிறது. பள்ளிப் பாடத்தில் விளிம்பு விளைவு என்று படித்தோமே, அது இங்கே வந்து நிற்கிறது. ஒரு புள்ளியிலிருந்து வரும் ஒளி இன்னொரு புள்ளியாக விழாமல் சிறு வட்டமாக விழும். துளை சிறுக்கச் சிறுக்க வட்டம் பெருக்கும். மேக்ரோவில் இதற்கு ஒரு கூடுதல் தண்டனையும் உண்டு. 1:1-க்குப் போக லென்ஸைச் சென்சாரிலிருந்து இரு மடங்கு தள்ளி நிறுத்த வேண்டியிருப்பதால், எஃப் 16 என்று நீங்கள் வைத்தது உண்மையில் எஃப் 32 போல நடந்துகொள்ளும். பச்சை ஒளிக்கு அந்த நிலையில் வட்டத்தின் விட்டம் 43 மைக்ரான். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. 24 மெகாபிக்சல் ஃபுல் ஃபிரேம் கேமராவில் ஒரு பிக்சலின் அகலம் 6 மைக்ரான். ஒரு பிக்சலில் விழ வேண்டியது ஏழு பிக்சல் அகலத்துக்குச் சிந்திக் கிடக்கிறது. எவ்வளவு விலை கொடுத்து லென்ஸ் வாங்கினாலும் இதிலிருந்து தப்ப முடியாது, ஏனென்றால் குறை கண்ணாடியில் இல்லை. ஒளியின் சுபாவமே அப்படி.

துளையைத் திறந்தால் ஆழம் போகும், சுருக்கினால் கூர்மை போகும். இந்த இரண்டுக்கும் நடுவே எங்காவது நின்றாக வேண்டும். எஃப் 8, எஃப் 11 என்று பலரும் வந்து நிற்பது அதனால்தான்.

இதே பேரத்தைத் தேனீயின் கண்ணும் பேசி முடித்திருக்கிறது. தேனீக்கு இருப்பது கூட்டுக்கண். ஆயிரக்கணக்கான குட்டி லென்ஸ்கள், ஒவ்வொன்றும் வெவ்வேறு திசையைப் பார்க்கிறது. நுணுக்கமாகப் பார்க்க வேண்டுமென்றால் லென்ஸ்கள் சிறியதாக இருக்க வேண்டும். அப்போதுதான் ஒரே கண்ணில் நிறையத் திசைகளை அடக்கலாம். ஆனால் அளவுக்கு மீறிச் சிறுத்தால் விளிம்பு விளைவு ஒவ்வொரு லென்ஸின் பார்வையையும் பக்கத்து லென்ஸின் எல்லைக்குள் பரப்பிவிடும். எங்கே நிற்பது? இயற்பியலாளர் ரிச்சர்ட் ஃபைன்மன் 1960-களில் கல்லூரி மாணவர்களுக்கு நடத்திய புகழ்பெற்ற விரிவுரைகளில் இதைக் கரும்பலகையில் போடும் கணக்காகவே செய்து காட்டினார். கண்ணின் ஆரம் 3 மி.மீ., ஒளியின் அலைநீளம் 400 நானோமீட்டர் என்று எடுத்துக்கொண்டால், மிகச் சிறந்த லென்ஸின் அகலம் 35 மைக்ரான் என்று வருகிறது. தேனீயின் கண்ணில் அளந்தால் சுமார் 30. பரிணாமத்துக்கு அலைநீளம் தெரியாது, வர்க்கமூலம் தெரியாது. ஆனாலும் விடை ஏறக்குறைய சரியாக வந்திருக்கிறது. ஃபைன்மனுக்கு முன்பே, 1952-இல், ஹொரேஸ் பார்லோ என்ற பிரிட்டிஷ் உடலியலாளர் பல பூச்சிகளின் கண்களை ஒப்பிட்டு இதே உறவைக் காட்டியிருந்தார்.

இந்த ஏற்பாட்டில் தேனீக்குக் கிடைக்கும் பார்வை சுமார்தான். கையை நீட்டிப் பிடித்தால் சுண்டுவிரல் நகம் எவ்வளவு இடத்தை மறைக்குமோ, அவ்வளவும் அதற்குக் கிட்டத்தட்ட ஒரே புள்ளி. மனிதக் கண்ணின் கூர்மை கூட்டுக்கண்ணில் வேண்டுமென்றால் கண் எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்று ஜெர்மானிய அறிவியலாளர் குனோ கிர்ஷ்ஃபெல்ட் 1976-இல் கணக்கிட்டார். ஒரு கண்ணின் விட்டம் ஏறத்தாழ ஒரு மீட்டர். தேனீ அதற்குப் பதிலாக அருகில் போய்ப் பார்க்கிறது. பூவை நெருங்க நெருங்க அதன் ரேகைகள் தேனீயின் கண்ணில் விரிகின்றன. மேக்ரோ லென்ஸ் செய்வதும் அதுதான்.

கூட்டுக்கண்ணைப் படம் எடுப்பவர்கள் எல்லோரும் ஒருமுறையாவது ஏமாறும் விஷயம் ஒன்று உண்டு. கும்பிடு பூச்சியை எந்தப் பக்கமிருந்து எடுத்தாலும் அதன் கண்ணில் ஒரு கரும்புள்ளி இருக்கும். அது நம்மையே முறைத்துப் பார்க்கும். பூச்சிக்கு நம்மேல் கோபம் என்று தோன்றும். உண்மையில் அங்கே கருவிழி எதுவும் கிடையாது. கண்ணிலுள்ள லென்ஸ்களில் நம் பக்கம் நேராகத் திரும்பியிருப்பவை, விழும் ஒளியை உள்ளே விழுங்கிவிடுகின்றன. மற்றவற்றின் பக்கச் சுவர்கள் ஒளியைத் திருப்பி அனுப்புகின்றன. விழுங்கும் இடம் நமக்குக் கறுப்பாகத் தெரிகிறது. நாம் நகர்ந்தால் வேறு லென்ஸ்கள் நமக்கு நேராக வரும், புள்ளியும் கூடவே நகரும். சில தட்டான்களின் கண்களிலும் இதைப் பார்க்கலாம்.

மங்கலைக்கூடப் பயன்படுத்திக்கொண்ட ஒரு ஜீவன், நம் வீட்டுச் சுவர்களில் திரியும் தாவும் சிலந்தி. எட்டுக் கண்களில் முன்பக்கம் இருக்கும் இரண்டு பெரியவை, நீண்ட குழாயின் முனையில் லென்ஸ் பொருத்தியதுபோல அமைந்தவை. அவற்றின் விழித்திரை ஒரே பரப்பாக இல்லாமல் நான்கு அடுக்குகளாக இருக்கிறது. இதில் இரண்டு அடுக்குகள் பச்சை ஒளியை உணர்கின்றன. ஆனால் லென்ஸ் பச்சை ஒளியைக் கூர்மையாகக் குவிப்பது அவற்றில் ஒன்றின்மேல் மட்டுமே. மற்றொன்றில் எப்போதும் மங்கலான பிம்பம்தான் விழும். இவ்வளவு உழைப்பில் உருவான கண்ணில் ஓர் அடுக்கு நிரந்தரமாக ஃபோகஸ் தப்பிக் கிடப்பானேன்? ஜப்பானில் ஒசாகாவைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2012-இல் விடை சொன்னார்கள். இரை எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்து அந்த மங்கலின் அளவு மாறும். மங்கலை வைத்துச் சிலந்தி தூரத்தை அளக்கிறது. சோதித்துப் பார்க்க, அறையில் பச்சை ஒளியை மட்டும் விட்டார்கள். சிலந்தி சரியாகத் தாவி இரையைப் பிடித்தது. பச்சை இல்லாத சிவப்பு ஒளியில் விட்டபோது தாவல் இரையை எட்டாமல் முன்னாலேயே விழுந்தது. அவர்கள் வைத்துப் பார்த்த ஹசாரியஸ் அடன்சோனி என்ற சிலந்தி வெப்பநாடுகள் பலவற்றின் வீடுகளில் வாழ்வது; நம் வீட்டிலும் இருக்கலாம்.

நாம் தெளிவில்லை என்று அழித்துவிடுகிற படத்தில் சிலந்திக்குத் தகவல் இருக்கிறது என்று சொன்னால், ஃபோகஸ் ஸ்டாக்கிங் செய்பவர்கள் ஒத்துக்கொள்வார்களா தெரியாது. அவர்கள் செய்வது இது. கேமராவை மிக நுண்ணிய அடியாக நகர்த்தி நகர்த்தி ஒரே பொருளைப் பல படங்கள் எடுப்பார்கள். வாழைக்காயைச் சீவுவதுபோல ஒவ்வொரு படத்திலும் ஒரு மெல்லிய சீவல் தெளிவாக இருக்கும். பிறகு கணினி மென்பொருள் ஒவ்வொன்றிலும் தெளிவான பகுதியை மட்டும் பொறுக்கி முழுக்காயாக ஒட்டிவிடும். பிரிட்டிஷ் புகைப்படக்காரர் லெவன் பிஸ் இதை எல்லைவரை கொண்டுபோனார். ஆக்ஸ்ஃபர்டு பல்கலைக்கழக இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் 2016-இல் ‘மைக்ரோஸ்கல்ப்சர்’ என்ற கண்காட்சியில் அவர் வைத்த ஒவ்வொரு பூச்சிப் படமும் 8,000-க்கும் மேற்பட்ட தனிப் படங்களால் ஆனது. ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் இடையே கேமரா நகர்ந்தது 10 மைக்ரான் மட்டும். பூச்சியைப் பகுதி பகுதியாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதிக்கும் தனித்தனியாக விளக்கு அமைத்து எடுத்திருக்கிறார். சில மில்லிமீட்டர் வண்டு ஆள் உயரச் சுவர்ப்படமாக நிற்கிறது. ஓர் இடத்திலும் கலக்கமில்லை.

அந்தப் படங்கள் பிரமிப்பானவை. ஆனால் வண்டு வண்டாக இல்லாமல் யானையாகத் தெரிகிறது என்பது என் சிறு புகார். அதற்கும் காரணம் உண்டு. ஒரு காட்சியில் எவ்வளவு மங்கல் இருக்கிறது என்பதை வைத்து நம் மூளையும் அளவை மதிப்பிடுகிறது. நகரத்தை உயரத்திலிருந்து எடுத்த படத்தில் மேலும் கீழும் செயற்கையாக மங்கலைச் சேர்த்தால் பேருந்துகள் பொம்மைகளாகத் தெரிவது இதனால்தான். தலைகீழாகச் செய்து, சிறியதிலிருந்து மங்கலை எல்லாம் துடைத்துவிட்டால் அது பிரம்மாண்டமாகிறது. தவிர, ஆயிரக்கணக்கான படங்கள் எடுக்கும்வரை அசையாமல் இருக்கச் செத்த பூச்சியால்தான் முடியும். தோட்டத்தில் ஓடுகிற எறும்புக்கு அந்த ஒற்றை மில்லிமீட்டர்தான்; அதை எங்கே வைப்பது என்ற முடிவில் எடுப்பவரின் ரசனை வெளிப்பட்டுவிடும்.

கருவிக்கு நிறையச் செலவாகும் என்ற பயம் வேண்டாம். லென்ஸுக்கும் கேமராவுக்கும் நடுவே வெறும் குழாய் ஒன்றைப் பொருத்தினாலே அது மேக்ரோ ஆகிவிடும். எக்ஸ்டென்ஷன் டியூப் என்று விற்பது அதைத்தான். உள்ளே கண்ணாடியே கிடையாது. 50 மி.மீ. லென்ஸுக்கு 50 மி.மீ. குழாய் போட்டால் 1:1. இன்னும் மலிவான வழி, லென்ஸைத் திருப்பிப் போடுவது. சாதாரண லென்ஸ் தூரத்துப் பொருளை முன்பக்கமும், அருகிலுள்ள சென்சாரைப் பின்பக்கமும் எதிர்பார்த்து வடிவமைக்கப்பட்டது. 1:1-ஐத் தாண்டினால் நிலைமை தலைகீழ்: பொருள் அருகில், சென்சார் தூரத்தில். ஆகவே லென்ஸையும் தலைகீழாக்கினால் அது சரியாகவே வேலை செய்கிறது. ஃபிலிம் காலத்துப் பழைய லென்ஸ்கள் இதற்கு உத்தமம். அப்பெர்ச்சரைக் கையால் திருப்பும் வளையம் அவற்றில் இருக்கும். செல்போனிலோ சென்சார் சிறியது. ஒரே பூவை ஒரே சட்டத்துக்குள் அடக்கும்போது அதில் பிம்பம் பெரிய கேமராவில் விழுவதைவிட மிகச் சிறியதாக விழும். அதனால் ஆழம் அதில் கூடுதலாகவே கிடைக்கும். பூவை முழுவதும் தெளிவாகப் பிடிக்கச் செல்போன் பல நேரம் பெரிய கேமராவை முந்திவிடுகிறது என்பதை லட்ச ரூபாய் லென்ஸ் வைத்திருப்பவர்கள் வெளியே சொல்வதில்லை.

ஒளியின் விஷயத்தில் சிக்கனம் செல்லாது. லென்ஸ் முன்னால் தள்ளிப்போவதால் 1:1-இல் சென்சாருக்கு வந்து சேரும் ஒளி கால் பங்காகிறது. அப்பெர்ச்சரையும் சுருக்கியிருக்கிறோம், அசைவு மங்காமலிருக்க ஷட்டர் வேகமும் வேண்டும். பட்டப்பகலிலும் ஃபிளாஷ் தேவைப்படுவது இதனால்தான். வெறும் ஃபிளாஷ் அடித்தால் கறுப்பு வண்டின் முதுகில் வெள்ளைத் திட்டு ஒன்று எரிந்துபோய்க் கிடக்கும். நடுவில் டிரேசிங் பேப்பரோ பால் நிறப் பிளாஸ்டிக் தாளோ வைத்து, அதைப் பூச்சிக்கு எவ்வளவு அருகில் கொண்டுபோக முடியுமோ அவ்வளவு அருகில் கொண்டுபோவார்கள். கையகல டிஃப்யூசர் நமக்குச் சிறியது. இரண்டு விரற்கடை தூரத்தில் இருக்கும் வண்டுக்கு அது பாதி வானம்.

வெளிச்சம் விழும் விதம் எப்படி ஏமாற்றும் என்பதை எழுதிவைத்தவர் ஆங்கிலேய அறிவியலாளர் ராபர்ட் ஹூக். நுண்ணோக்கியில் பார்த்து வரைந்த படங்களோடு 1665-இல் அவர் வெளியிட்ட ‘மைக்ரோகிராஃபியா’ ஒரு தலைமுறையின் கண்ணையே மாற்றிய நூல். ஈயின் கண் ஒரு வெளிச்சத்தில் துளை போட்ட சல்லடையாகவும், வெயிலில் பொன்னாணி அடித்த பரப்பாகவும், வேறொரு கோணத்தில் கூம்புகளின் வரிசையாகவும் தெரிகிறது என்று அவர் முன்னுரையிலேயே சொல்கிறார். மேடா பள்ளமா என்றே தீர்மானிக்க முடியவில்லை. பல கோணங்களில் விளக்கைத் திருப்பிப் பார்த்து, உண்மை வடிவம் இதுதான் என்று உறுதியான பிறகே வரைந்தார். விளக்கு ஒளியைக் குவிக்க நீர் நிரப்பிய கண்ணாடிக் கோளம் ஒன்றை வைத்திருந்தார்.

எறும்பு அவரையும் படுத்தியிருக்கிறது. நிற்கவே மாட்டேன் என்கிறது, காலைப் பசையில் ஒட்டினால் உடம்பை முறுக்கிக்கொள்கிறது, கொன்றுவிட்டால் சுருங்கிப்போகிறது. கடைசியில் அதைச் சாராயத்தில் போட்டார். எறும்பு போதையில் விழுந்து கிடந்தது, அவர் வரைந்து முடித்தார், ஒரு மணி நேரம்போல் கழித்து அது எழுந்து ஓடிவிட்டது. இன்று சாராயத்தின் இடத்தை ஃபிரிட்ஜ் பிடித்திருக்கிறது. பூச்சியைக் குளிர்பெட்டியில் வைத்து விறைக்கவைத்து, இலைமேல் பொம்மைபோல நிறுத்திப் படம் எடுப்பவர்கள் இருக்கிறார்கள். பரிசு வாங்கும் படங்களில் இவர்களுடையதும் உண்டு. கால்கள் இயல்பாக ஊன்றாமல் மடங்கிக் கிடப்பதைக் கவனித்தால் பெரும்பாலும் கண்டுபிடித்துவிடலாம். ஹூக்குக்கு வேறு வழி இல்லை. நமக்கு இருக்கிறது: சூரியன் வருமுன் எழுந்து போவது. பூச்சியின் உடல் வெப்பம் வெளி வெப்பத்தை ஒட்டியே இருப்பதால் விடியற்காலைக் குளிரில் அதற்குப் பறக்கும் தெம்பு இராது. மார்கழி, தை மாதங்களில் வயல் வரப்பில் ஆறு மணிக்குப் போனால் புல்லில் தொங்கும் தட்டான் அருகில் லென்ஸைக் கொண்டுபோனாலும் அசையாது. எட்டு மணிக்கு அதே தட்டான் பத்தடி தூரத்திலேயே கிளம்பிவிடும்.

விடியற்காலைப் புல் நுனியில் நிற்கும் துளியைப் பனித்துளி என்றே எல்லோரும் நினைக்கிறார்கள். பரப்பு முழுவதும் பொடியாகப் படிந்திருப்பது பனி. ஆனால் ஒவ்வொரு தாளின் நுனியிலும் ஒற்றையாக உருண்டு நிற்பது பெரும்பாலும் செடியே வெளியேற்றிய நீர். இரவில் வேர் உறிஞ்சும் நீர் ஆவியாக வழியில்லாமல் இலை நுனியில் உள்ள துளைகள் வழியே கசிந்து நிற்கிறது. நெற்பயிரில் இது நன்றாகத் தெரியும். துளிக்குள் பின்னாலுள்ள பூ தலைகீழாகத் தெரியும் படங்கள் மேக்ரோக்காரர்களுக்குப் பிரியமானவை. முதல் முயற்சியில் பலருக்கும் அது சரியாக வராது. துளி தெளிவாக இருக்கும், உள்ளே பூ மங்கியிருக்கும். உருண்டையான நீர்த்துளி ஒரு லென்ஸ். தூரத்துப் பொருளின் பிம்பத்தை அது தன் ஆரத்தின் அளவுக்குத் தன் பரப்பிலிருந்து வெளியே தள்ளிக் குவிக்கிறது. துளி 4 மி.மீ. விட்டம் என்றால் பூ இருப்பது துளிக்குள் அல்ல. துளிக்கு 2 மி.மீ. முன்னால், கேமராவின் பக்கம், வெறும் காற்றில். கைவசம் இருப்பதோ ஒரு மில்லிமீட்டர். அதைத் துளியின்மேல் வைக்காமல் அந்தரத்தில் வைக்க வேண்டும்.

பூச்சிக்குக் காத்திருக்கப் பொறுமையில்லாதவர்கள் ரோட்டோர வெட்டுக்காயப் பூண்டில் தொடங்கலாம். மூக்குத்திப் பூ என்று சிறுமிகள் பறித்து விளையாடும் அது ஒரு பூவே அல்ல, ஒரு கூட்டம். நடுவிலுள்ள மஞ்சள் பகுதியில் ஒவ்வொன்றும் தனி மலர். ஓரத்தில் இதழ்கள்போல நிற்பவையும் தனித்தனி மலர்கள், ஒவ்வொன்றின் நுனியிலும் மூன்று பற்கள். செம்பருத்தியின் மகரந்தம் முள் வைத்த உருண்டைகளாகத் தெரியும். தூள் என்று நாம் சொல்வதற்கு அது ரொம்பப் பெரியது. வீட்டுக்குள்ளும் விஷயம் இருக்கிறது. உப்பு சிறு கனசதுரங்கள். செல்போன் திரையில் ஒரு சொட்டு நீர் வைத்துப் பார்த்தால் வெள்ளை நிறம் எங்கும் இல்லை. சிவப்பு, பச்சை, நீலம் மட்டும். 500 ரூபாய்த் தாளில் ‘பாரத்’ என்று இந்தியிலும் ‘இந்தியா’ என்று ஆங்கிலத்திலும் நுண்ணெழுத்துகள் உண்டு. அச்சான வண்ணப் படம் எதையும் நெருங்கிப் பார்த்தால் நான்கு மைகளின் புள்ளிகளாகப் பிரிந்துவிடும்.

குட்டி போடும் என்று நோட்டுப் புத்தகத்தில் வைத்த மயில் பீலியை இப்போது எடுத்துப் பார்க்கலாம். அந்த நீலத்துக்கும் பச்சைக்கும் சாயம் எதுவும் இல்லை. இழைக்குள் மெலனின் என்ற கரும்பொருள் மிக நுண்ணிய கோல்களாக அடுக்கப்பட்டிருக்கிறது. கோல்களின் இடைவெளி மாறினால் திருப்பி அனுப்பும் நிறம் மாறும். பீலியை நனைத்தால் நிறம் கெடுகிறது என்பதை ஹூக் 1665-லேயே கவனித்து, இது சாயம் தரும் நிறம் அல்ல என்று ஊகித்துவிட்டார்.

மறுபடி மாமரத்துக்கு வருவோம். முசுறு கூட்டத்துக்குள் வேறொரு ஆள் ஒளிந்திருக்கிறது. நிறமும் நடையும் முசுறு போலவே. உணர்கொம்புகளை ஆட்டியபடி ஓடும். படத்தைப் பெரிதாக்கி எண்ணினால் கால்கள் எட்டு. உணர்கொம்பு என்று நினைத்தது, தூக்கிப் பிடித்த முன்னங்கால் இரண்டு. முகத்தில் இரண்டு பெரிய வட்டக் கண்கள் தாவும் சிலந்தி என்று காட்டிக்கொடுக்கும். ஆண் சிலந்திக்குத் தாடை நீண்டு முன்னால் துருத்திக்கொண்டிருப்பதால், எறும்பு இன்னொரு எறும்பைக் கவ்விப் போவதுபோல இருக்கும். வெறும் கண்ணால் பார்த்து ஆயிரம் முறை கடந்துபோயிருப்போம்.

இப்படிக் கடந்துபோகாமல் எடுத்த படத்தால் ஒரு புதிய இனமே கிடைத்திருக்கிறது. மலேசியாவில் சிலாங்கூர் காட்டில் குவெக் ஹொக் பிங் என்ற புகைப்படக்காரர் பச்சைக் கண்ணாடி இறக்கைப் பூச்சி ஒன்றைப் படம் எடுத்து இணையத்தில் போட்டார். இறக்கையில் கறுப்பும் நீலமுமாக ஒரு வடிவம். கலிஃபோர்னியாவில் இருந்த பூச்சியியலாளர் ஷான் விண்டர்டன் அதைத் தற்செயலாகப் பார்த்து, இது எதுவென்று தெரியவில்லையே என்று திகைத்தார். படத்தை மட்டும் வைத்து இனத்துக்குப் பெயர் சூட்ட அவர் முனையவில்லை; பூச்சியோ பறந்துபோயிருந்தது. பல மாதம் கழித்து குவெக் அதே இடத்தில் இன்னொன்றைக் கண்டு பிடித்து அனுப்பிய பிறகு, லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் ஸ்டீவ் புரூக்ஸ் சரிபார்த்து, 2012-இல் செமாக்ரைசா ஜேட் என்ற பெயரில் மூவரும் சேர்ந்து வெளியிட்டார்கள்.

விண்டர்டனை நிறுத்தியது அந்தப் பூச்சியின் இறக்கை. நரம்புகளும் வடிவமும் தெளிவாக விழுந்திருந்ததால்தான் அவரால் புதியது என்று சந்தேகப்படவே முடிந்தது. அழகான படத்துக்கும் அடையாளம் காட்டும் படத்துக்கும் தேவைகள் வேறு. நம் வீட்டுப் பின்கட்டில் எடுக்கும் பூச்சிக்கும் இது பொருந்தும். கண்ணோடு கண் வைத்து எடுத்த முகப்படத்துக்குப் பிறகு, முதுகுப்புறம் ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, உட்கார்ந்திருக்கும் செடி தெரிய ஒன்று எடுத்து, தேதியும் ஊரும் குறித்து வைத்தால் யாராவது பெயர் சொல்ல வாய்ப்பு உண்டு. சிலந்தி என்றால் முன்னிருந்து கண்கள் எட்டும் தெரிய வேண்டும். குடும்பத்தைக் கண்டுபிடிக்கக் கண்களின் வரிசை முக்கியமான தடயம். மஞ்சள் கறுப்பு வரியோடு பூவில் உட்காருவது குளவியா, குளவி வேடம் போட்ட சிர்பிட் ஈயா என்ற குழப்பம் வந்தால் அந்த ஒரு மில்லிமீட்டரை முகத்திலிருந்து எடுத்து இறக்கையின் அடியில் வைக்க வேண்டும். குளவிக்கு இறக்கை நான்கு. ஈக்கு இரண்டு; பின்னிறக்கை இருக்க வேண்டிய இடத்தில் நுனி உருண்ட சிறு காம்புகள் இரண்டு துருத்திக்கொண்டிருக்கும்.